கருவியும் கருத்தாவும்

தமிழிலக்கணம் கற்கும் மாணாக்கர் மூன்றாம் வேற்றுமைக்கு வரும்போது ஓர் ஐயம் எழுப்புவது வழக்கம். "வாளால் வெட்டினான்" என்னுமிடத்து வருவதும் ஆல் உருபு. "தச்சனால் செய்யப்பட்டது" என்னுமிடத்து வருவதும் அதே ஆல் உருபு. முன்னது கருவிப் பொருள். பின்னது கருத்தாப் பொருள். வாள் தானாக எழுந்து வெட்டுவதில்லை. தச்சனோ பிறர் கையில் இருந்து இயங்கும் உளி அல்லன். பொருளால் இத்துணை வேறுபட்ட இரண்டுக்கும் உருபு மாத்திரம் ஒன்றாய் அமைந்தது ஏன் என்று அவர்கள் கேட்பர். ஒரு தொழில் முடிந்த பின்னர், அது செய்தவனால் முடிந்ததோ, அவன் கைக்கொண்ட கருவியால் முடிந்ததோ என்று பிரித்தறிதல் எளிதன்று. அதனை உணர்ந்தே மொழி இவ்வாறு அமைந்தது போலும் என்று நான் விடை கூறுவதுண்டு.

இந்த ஐயத்தைக் கோடிக் கணக்கான பணமும், நுண்ணிய அறிவும், மனிதர் எலும்புகளும் விலையாகக் கொடுத்துத் தீர்க்க முயன்ற ஒரு துறை உண்டு. அதுவே மோட்டார் சைக்கிள் பந்தயம். உலகிலே மிகுதியான மோட்டார் சைக்கிள்களைச் செய்து விற்பது யப்பானிய ஹொண்டாக் கம்பனி. அதன் பெயரை அறியாத கிராமம் நம் நாட்டிலும் இல்லை. அத்தகைய கம்பனி, 2024ஆம் ஆண்டின் உலகப் பந்தயத் தொடரில், வண்டி செய்தோர் ஐவருள் ஐந்தாவதாக நின்றது. பணம் குறைவோ எனின், இல்லை. அறிவாளர் குறைவோ எனின், இல்லை. அநுபவம் குறைவோ எனின், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அநுபவம் உண்டு. அவ்வாறாயின் வெல்லத்தக்க ஒரு வண்டியைச் செய்ய அவர்களால் ஏன் இயலவில்லை?

வார இறுதிப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் விடாது பார்க்கும் எம் உயர்வகுப்பு மாணவர் சிலர் இவ்வினாவை என்னிடம் விடுத்தனர். இயந்திரத் தொழில் பண்டிதர்க்கு உரியதன்று என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வல்லவர் தோற்பதன் காரணம் எத்தொழிலில் இருப்பினும் அது கற்பிப்போர் அறிய வேண்டிய பாடமேயாகும். ஆதலின் அச்செய்திகளைத் தேடிப் படித்து, யான் விளங்கிக்கொண்ட அளவில் ஈண்டு எழுதுகின்றேன்.

பந்தயத்தின் இயல்பு

மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குரிய உலகச் சம்பியன் பட்டம் 1949ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் தலைமைப் பிரிவு 2002 முதல் மோட்டோ ஜீபீ என வழங்குகின்றது. இப்பிரிவில் ஓடும் வண்டிகள் கடையில் விலைக்குக் கிடைப்பன அல்ல, பந்தயத்துக்கென்றே செய்யப்படுவன. 2012ஆம் ஆண்டில் இவற்றின் எஞ்சின் 1000 கன சென்ரிமீற்றராக உயர்த்தப்பட்டது. நேர்ப்பாதையில் இவை மணிக்கு 360 கிலோமீற்றரையும் தாண்டி ஓடுகின்றன. வளைவுகளிலோ, நிமிர்ந்த நிலையிலிருந்து 60 பாகைக்கு மேலாகவும் சாய்ந்து, வீரனின் முழங்கை தரையில் உரசும்படி திரும்புகின்றன.

அவ்வாறு சாய்ந்திருக்கும் வேளையில் வண்டியைத் தரையோடு பிணைத்து நிற்பது உள்ளங்கையளவான ரப்பர் மாத்திரமே. பாதையின் மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும் அதிர்வுதாங்கிகள் வண்டி நிமிர்ந்து ஓடும்போதே செவ்வனே தொழிற்படும். மிகச் சாய்ந்திருக்கும்போது அவை வேண்டிய திசையில் அசைய மாட்டா. அப்போது வண்டியின் சட்டகமே பக்கவாட்டில் ஒரு சிறிது வளைந்து கொடுத்தல் வேண்டும். மிக வளைந்தால் வண்டி ஆடும். வளையாது விறைத்து நின்றால், ரயர் பிடிக்கின்றதா வழுக்குகின்றதா என்னும் உணர்ச்சி வீரனுக்கு எட்டாது. அந்த உணர்ச்சி எட்டாதவன் துணிந்து சாய்ப்பதில்லை, துணிந்தானாயின் விழுகின்றான்.

இதனால் ஓர் உறுப்பை மாத்திரம் திருத்துவதென்பது இத்தொழிலில் அரிது. பின் சில்லு நன்கு பற்றவில்லை என்று பாரத்தைப் பின்னே நகர்த்தினால், முன் சில்லு இலேசாகி, வண்டி வளைவில் திரும்ப மறுக்கின்றது. எஞ்சினின் வலுவைக் கூட்டினால் பின் ரயர் சுழன்று தேய்ந்து, பந்தயம் முடியுமுன்னரே பயனற்றுப் போகின்றது. வெண்பாவில் ஒரு சீரை மாற்றப் புகுந்தவன், அதற்கு முன்னுள்ள தளையும் பின்னுள்ள தளையும் ஒருங்கே கெடக் காண்பதுபோன்ற நிலை இது. மேலும் ரயரை 2016 முதல் மிசெலின் என்னும் பிரெஞ்சுக் கம்பனியே எல்லோர்க்கும் ஒரு தன்மையாக வழங்கி வந்துள்ளது. தம் வண்டிக்கேற்ற ரயரைத் தேடிக்கொள்ள ஒருவருக்கும் வழியில்லை; கிடைக்கும் ரயருக்கேற்ப வண்டியைத்தான் அமைத்தல் வேண்டும்.

இன்னுமொரு விதியை இங்கு மனங்கொள்ளுதல் நன்று. வீரருக்கு ஒரு பட்டம் இருப்பதுபோல வண்டி செய்த கம்பனிக்கும் ஒரு பட்டம் உண்டு. ஆனால் ஒரு கம்பனியின் வண்டிகள் எத்தனை ஓடினும், ஒவ்வொரு பந்தயத்திலும் அவற்றுள் முந்தி வந்த ஒன்றன் புள்ளியே கம்பனியின் கணக்கிற் சேரும். ஏனையவை எங்கே கிடந்தன என்பதை அக்கணக்குக் கேட்பதில்லை. பின்னர் வரும் கதைக்கு இவ்விதியே திறவுகோல்.

கண்ணுக்குத் தெரிந்த குற்றம்

ஹொண்டா 1948இல் நிறுவப்பட்டது. 1959இல் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முதலாக ஓடிற்று. ஏழே ஆண்டுகளில், அஃதாவது 1966இல், அக்காலத்திருந்த ஐந்து பிரிவுகளிலும் கம்பனிப் பட்டத்தை வென்றது. 1967இன் முடிவில் களத்தை விட்டு நீங்கி, 1979இல் மீண்டது. மீண்டபோது அது கொண்டுவந்த வண்டியின் பெயர் என்.ஆர். 500.

அக்காலத்தில் ஏனையோர் வண்டிகள் யாவும் இருவீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றில் தண்டு சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். ஹொண்டாவோ தன் மரபுக்குரிய நால்வீச்சு எஞ்சினையே பிடித்து நின்றது. அதில் இரு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு உண்டு. அளவும் உருளைகளின் தொகையும் இரு சாராருக்கும் ஒன்றே என்பது விதி. ஆகவே ஈடுகொடுக்க வேண்டுமாயின் தண்டு இருமடங்கு விரைவாகச் சுழலவேண்டும். அதற்கென அவர்கள் கண்ட உபாயம், வட்டமான ஆடுதண்டுக்குப் பதிலாக நீள்வட்டம் போன்ற ஆடுதண்டு. ஓர் உருளைக்கு எட்டு வால்வுகளாக நான்கு உருளைக்கும் முப்பத்திரண்டு வால்வுகள். மனித அறிவின் வியத்தகு படைப்பு அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 1979 ஓகத்து மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் ஓடுகளத்தில் அது முதன்முதல் இறங்கியபோது, ஒரு வண்டி தான் ஒழுகவிட்ட எண்ணெயிலே தானே வழுக்கி முதல் வளைவில் வீழ்ந்தது. மற்றையது இடைவழியில் நின்றது. அடுத்துச் சென்ற பிரான்சில் இரண்டும் பந்தயத்தில் ஓடும் தகுதியே பெறவில்லை. 1981 வரை முயன்றும் உலகப் பந்தயத்தில் ஒரு புள்ளிதானும் அவ்வண்டிக்குக் கிட்டவில்லை.

கம்பனி என்ன செய்தது? 1982இல் தன் மரபைச் சற்றே ஒதுக்கிவைத்து, மூன்று உருளை கொண்ட எளியதோர் இருவீச்சு வண்டியைச் செய்தது. அவ்வாண்டே பெல்ஜியத்தில் பிரெடி ஸ்பென்சர் என்னும் அமெரிக்க இளைஞர் அதில் வென்றார். 1983இல் அவர் உலகச் சம்பியன் ஆனார். தோல்வியின் அடித்தளத்திலிருந்து முடிசூடும் வரை இரண்டே ஆண்டுகள்.

இவ்விரைவு எவ்வாறு வாய்த்தது என்று ஓர்ந்து பார்த்தல் வேண்டும். என்.ஆர். 500இன் குற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த குற்றம். ஓடாத வண்டியை ஓடுகின்றதென்று எவராலும் சாதிக்க முடியாது. குற்றம் தெரிந்தமையால் அதனை விடவும் முடிந்தது. நாற்பது ஆண்டுகளின் பின்னர் அதே கம்பனிக்கு வந்த நோயோ வேறுவகையானது.

வெற்றி மறைத்த குற்றம்

2013ஆம் ஆண்டில் மார்க் மார்க்கெஸ் என்னும் ஸ்பானிய இளைஞர் ஹொண்டாவின் வீரராகத் தலைமைப் பிரிவுக்கு வந்தார். வந்த ஆண்டிலேயே, தம் இருபதாம் வயதில், உலகச் சம்பியன் ஆனார். மறுவருடம் தொடக்கத்தின் பத்துப் பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். 2013, 2014, 2016, 2017, 2018, 2019 என ஏழாண்டுகளில் ஆறு பட்டங்கள் அவருக்குரியன.

அவர் வண்டி ஓட்டிய முறை பிறர்க்கில்லாத முறை. வளைவை நெருங்குகையில் ஏனையோர் பிறேக்கைத் தளர்த்தும் இடத்தையும் கடந்து, முன் சில்லின் மீதே முழுப் பாரத்தையும் ஏற்றி நிறுத்துவார். பின் சில்லு சில வேளை தரையைவிட்டு எழும்பும். முன் ரயர் வழுக்கத் தொடங்கிய பின்னரும் முழங்காலாலும் முழங்கையாலும் தரையை உந்தி வண்டியை நிமிர்த்திவிடுவார். இது வண்டியின் எல்லையைக் கடந்து சென்று மீண்டு வரும் வித்தை. 2017இல் பயிற்சியிலும் பந்தயத்திலுமாக அவர் 27 முறை விழுந்தார். அவ்வாண்டும் அவரே சம்பியன். இருபத்தேழு முறை விழுந்த சம்பியன் என்னும் இச்செய்தியில் நோயின் முதற்குறி இருந்தது. வெற்றிக் களிப்பில் அதனைப் படித்தவர் சிலரே.

2019ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். அவ்வாண்டு 19 பந்தயங்கள். மார்க்கெஸ் 18இல் முதலாம் இடமோ இரண்டாம் இடமோ பெற்றார். அவர் பெற்ற புள்ளிகள் 420. கம்பனிப் பட்டத்தையும் ஹொண்டாவே வென்றது. அதன் புள்ளிகள் 426. இடையிலுள்ள வேறுபாடு ஆறே புள்ளி. அமெரிக்காவின் ஒஸ்ரின் ஓடுகளத்தில் மார்க்கெஸ் விழுந்தெழுந்த அந்த ஒரு நாளில், ஏனைய ஹொண்டாக்களுள் முந்தியது பத்தாவதாக வந்தமையால் கிடைத்த ஆறு அது. அஃதாவது, அம்மனிதரை நீக்கிப் பார்த்தால் உலகச் சம்பியனான அந்த வண்டி பத்தாவது வண்டி! அவ்வாண்டு அவருக்கு இணையாக அமர்த்தப்பட்டவர் ஹோர்ஹே லொறென்சோ. மூன்று முறை தலைமைப் பிரிவின் சம்பியனாயிருந்தவர். அவர் பெற்றவை 28 புள்ளிகள். வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, அவ்வாண்டு முடிவில் களத்தை விட்டே ஓய்ந்தார்.

இங்கேதான் ஆல் உருபின் மயக்கம் நேர்ந்தது. "ஹொண்டாவால் வெல்லப்பட்டது" என்று பட்டியல் கூறிற்று. "மார்க்கெஸால் வெல்லப்பட்டது" என்றும் கூறிற்று. இரண்டும் பிழையில்லாத் தொடர்கள். ஆனால் முதற்றொடரில் உள்ளது கருவிப் பொருள் என்பதையும், அக்கருவி வேறெவர் கையிலும் வெட்டவில்லை என்பதையும் பட்டியல் கூறாது.

இவ்வாறான நிலையில் பொறியியலாளர் யாருடைய சொல்லைக் கேட்பர்? வெல்பவன் சொல்லையே கேட்பர். அதில் வியப்பில்லை. வெல்பவன் முன் சில்லு இன்னும் உறுதியாக வேண்டும் என்பான், அவ்வாறே செய்வர். தோற்பவன் இவ்வண்டி எனக்கு உணர்ச்சி தரவில்லை என்பான்; அதே வண்டி அங்கே வென்றுகொண்டிருக்கின்றதே என்பர். இதனாற் குறை வீரனுடையதாகிவிடும். ஆண்டுதோறும் ஓரடி ஓரடியாக அவ்வண்டி ஒருவர் கைக்கே உரிய கருவியாகச் சமைந்தது.

2020 யூலை 19ஆந் தேதி, ஸ்பானியாவின் ஹெரேஸ் ஓடுகளத்தில், அக்கை முறிந்தது. மார்க்கெஸின் வலது மேற்கை எலும்பு முறிந்து, அதே ஆண்டில் மூன்று அறுவைச் சிகிச்சைகளும், 2022இல் நான்காவதும் வேண்டியதாயிற்று. 1982 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு வெற்றியேனும் கண்ட கம்பனி, 2020இல் ஒன்றுமின்றி நின்றது.

அவ்வாண்டில் வேறு இடையூறுகளும் ஒருங்கே வந்தன. மிசெலின் கம்பனி பின் ரயரின் அமைப்பை மாற்றிற்று. புதிய ரயர் பின்னே மிகுதியாகப் பற்றி முன்னை உந்திற்று. முன் சில்லையே நம்பி வளர்ந்த வண்டிக்கு இதனிலும் பகையான மாற்றம் வேறில்லை. கொள்ளைநோயின் காரணமாகப் பயிற்சி ஓட்டங்கள் குறைந்தன. செலவைக் குறைக்கும்பொருட்டு எஞ்சினை மாற்றுதலும் 2021 முடியும்வரை தடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் சிலர் முதற்காரணமாகச் சொல்வர். இவை ஏனையோர்க்கும் நேர்ந்தனவே. மற்றையோர் தடுமாறி எழுந்தனர்; ஹொண்டா எழாமைக்குக் காரணம், எந்தத் திசையில் எழுவது என்று சொல்லவல்ல இரண்டாவது குரல் ஒன்றை அது வளர்த்து வைத்திராமையே என்பது என் துணிபு.

2022இல் முற்றும் புதிய வண்டி ஒன்றைச் செய்தனர். பின் சில்லு நன்கு பற்றுமாறு பாரத்தைப் பின்னே நகர்த்தினர். முதற் பந்தயத்தில் மூன்றாமிடம் கிடைத்தது. பின்னர் முன் சில்லின் உணர்ச்சி அற்றுப்போய்விட்டதென்று வீரர் யாவரும் முறையிட்டனர். பழைய நன்மையும் போயிற்று; புதிய நன்மையும் நிலைக்கவில்லை. அவ்வாண்டு ஜேர்மனியின் சக்சென்றிங் ஓடுகளத்தில் ஹொண்டா வண்டி ஒன்றேனும் புள்ளி பெறவில்லை. 1982க்குப் பின்னர் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை.

மறுவருடம் அதே இடத்தில் நடந்தது இன்னும் துயரமானது. 2010 முதல் 2021 வரை தாம் ஓடிய பதினொரு பந்தயங்களிலும் மார்க்கெஸ் வென்ற களம் அது. 2023இல் அங்கு ஒரே வார இறுதியில் ஐந்து முறை விழுந்து, பெருவிரல் முறிந்து, பந்தயத்தில் ஓடாமலே விலகினார். கருத்தாவே தன் கருவியை நம்பாத நிலை வந்துவிட்டது. ஜேர்மனியக் கம்பனி ஒன்றிடமிருந்து சட்டகம் வாங்கிப் பொருத்தியும் பார்த்தனர். தன் எலும்புக்கூட்டைப் பிறரிடம் வாங்கும் நிலை அது. அவ்வாண்டின் முடிவில், ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு எஞ்சியிருக்க, மார்க்கெஸ் ஹொண்டாவை விட்டு நீங்கினார்.

இத்தாலியர் முன்னரே கண்ட நோய்

இந்நோய் ஹொண்டாவுக்கு மாத்திரம் உரியதன்று. இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள டுக்காட்டிக் கம்பனி பத்தாண்டுகளுக்கு முன்னரே இதனை அநுபவித்தது.

2007இல் கேசி ஸ்ரோனர் என்னும் அவுஸ்திரேலியர் டுக்காட்டி வண்டியில் பத்துப் பந்தயங்களை வென்று சம்பியன் ஆனார். மறுவருடம் அவருக்குத் துணையாக வந்த மார்க்கோ மெலண்ட்ரி, முன்னொருகால் உலகில் இரண்டாமிடம் பெற்ற வீரர். டுக்காட்டியில் பதினேழாவதாக முடிந்தார். 2009இல் வந்த நிக்கி ஹேடன் முன்னாட் சம்பியன், அவர் பதின்மூன்றாவது. ஸ்ரோனரோ வென்றுகொண்டேயிருந்தார். ஆகவே வண்டி நல்ல வண்டி என்பதே முடிவாயிற்று.

2011இல் ஸ்ரோனர் ஹொண்டாவுக்குச் சென்று அவ்வாண்டே மீண்டும் சம்பியன் ஆனார். அவர் விட்டுச் சென்ற ஆசனத்தில் ஏறியவர் வலன்ரினோ ரொசி. தலைமைப் பிரிவின் பட்டத்தை ஏழுமுறை வென்றவர். இத்தாலிய வீரர் இத்தாலிய வண்டியில் ஏறினார் என்று நாடே மகிழ்ந்தது. ஈராண்டுகளில் அவர் பெற்ற வெற்றி ஒன்றுமில்லை. அவ்வண்டியின் சட்டகம் கரிநாரினால் ஆயது, மிக விறைப்பானது. முன் ரயர் என்ன செய்கின்றது என்பது தமக்குத் தெரியவில்லை என்பதே ரொசியின் முறையீடாயிருந்தது. சட்டகத்தை அலுமினியமாக மாற்றினர். எஞ்சினின் நிலையை மாற்றினர். ஓர் உறுப்பைத் திருத்த மற்றோர் உறுப்புப் பகைத்தது.

2013இன் பிற்பகுதியில் ஜீஜி டால்லீஞ்ஞா என்னும் பொறியியலாளர் டுக்காட்டிக்கு வந்தார். அவர் ஒரே நாளில் மந்திரம் செய்துவிடவில்லை. 2015இல் முற்றும் புதிய வண்டியைச் செய்தார். 2016இல் ஒஸ்திரியாவில் டுக்காட்டி வென்றது. 2010க்குப் பின்னர் அதுவே முதல் வெற்றி. வீரர் பட்டம் கிடைத்ததோ 2022இலேதான். ஸ்ரோனரின் 2007க்கும் பக்னாயாவின் 2022க்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்!

இக்காலத்தில் டுக்காட்டி செய்த மாற்றங்கள் பல. காற்றை வசப்படுத்தும் சிறகுகளை வண்டியில் அமைத்தது. புறப்படும்போது வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் உபாயத்தைக் கண்டது. ஆயினும் எல்லாவற்றினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. தன் வண்டிகளைப் பல குழுக்களுக்குக் கொடுத்தது. 2022இல் 24 வண்டிகள் ஓடிய களத்தில் எட்டு டுக்காட்டிகள். எண்மரும் எட்டு விதமாக ஓட்டுவோர். அவர்களின் ஓட்டத்திற் கிடைத்த தரவுகளைத் தமக்குள் மறைக்காது எண்மருக்கும் பொதுவாக வைத்தது. ஒருவர் மாத்திரம் குறை கூறினால் அது வீரனின் பழக்கமாக இருக்கலாம். எண்மரும் ஒரே குறையைக் கூறினால் அது வண்டியின் குறை என்பது ஒருதலை. இவ்வாறு கருவியையும் கருத்தாவையும் பிரித்தறியும் ஓர் உரைகல் அதற்குக் கிடைத்தது.

பயன் என்னவெனின், 2023இல் முதல் மூன்று இடங்களும், மூன்று வெவ்வேறு குழுக்களில் ஓடிய டுக்காட்டி வீரருக்குக் கிடைத்தன. 2024இல் நடந்த 20 பந்தயங்களில் 19ஐ டுக்காட்டி வண்டிகளே வென்றன. அவ்வாண்டின் சம்பியன் கம்பனியின் சொந்தக் குழுவினர்கூட அல்லர். வெளிக்குழுவிலிருந்த ஹோர்ஹே மார்ட்டின்.

உடனிகழ்ச்சி

ஆற்றல் மிக்க வீரன் கம்பனிக்குக் கேடு என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. மார்க்கெஸ் ஹொண்டாவுக்கு ஈட்டிக் கொடுத்த 59 வெற்றிகளும் உண்மையான வெற்றிகளே. வண்டியின் குறையைத் தம் உடலால் ஈடுசெய்த மனிதரைக் குறைகூறுதல் நன்றியில்லாமை. குறை, அவ்வெற்றிகளை வண்டியின் நலத்துக்குச் சான்றாகக் கொண்ட அறிவினருடையது. பத்தாவதாக வந்தவனிடமும் பதினேழாவதாக வந்தவனிடமும் சென்று, "உனக்கு இவ்வண்டி என் செய்கின்றது?" என்று கேளாமையே அக்குறை.

பந்தயத்தை நடத்துவோரும் இவ்வுண்மையை ஒருவாறு உணர்ந்தனர் போலும். 2023இன் முடிவில் கம்பனிகளை அவை பெற்ற புள்ளி வீதத்தின்படி நான்கு படிகளாக வகுத்து, கீழ்ப்படியில் உள்ளோர்க்கு மிகுதியான பயிற்சி ஓட்டங்களும், ஆண்டின் நடுவிலும் எஞ்சினைத் திருத்தும் உரிமையும் வழங்கினர். ஹொண்டாவும் அதன் பழைய போட்டியாளராகிய யமஹாவும் கடைசிப் படியில் நின்று இச்சலுகையைப் பெற்றன. ஒருகாலத்தில் ஐந்து பட்டங்களையும் அள்ளிய கம்பனி சலுகை பெற்று ஓடுதல் மானக்கேடன்றோ என்று கூறுவாருமுளர். நோயாளி மருந்துண்பதில் மானக்கேடு யாதுமில்லை. இத்தாலிய வண்டிகளைச் செய்து பழகிய றொமானோ அல்பெசியானோ என்னும் பொறியியலாளரை 2025இல் தன் தொழில்நுட்பத் தலைவராக அமர்த்தவும் ஹொண்டா தயங்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் பிரான்சின் ல மான் நகரில், மழையினூடே, ஜொகான் சார்க்கோ ஹொண்டாவை வெற்றிக்கு ஓட்டினார். ஈராண்டுகளின் பின் வந்த வெற்றி அது.

அதே 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆந் தேதி யப்பானின் மொட்டெகியில் நடந்தது இக்கதைக்கெல்லாம் ஓர் உரை போன்றது. மொட்டெகி ஹொண்டாவே அமைத்த ஓடுகளம். அங்கே, டுக்காட்டி வண்டியில், மார்க்கெஸ் மீண்டும் உலகச் சம்பியன் ஆனார். கை முறிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பந்தயத்தை வென்றவர் பக்னாயா, மார்க்கெஸ் இரண்டாவது, மூன்றாவதாக மேடையேறியவர் ஹொண்டாவின் ஜொவான் மிர். நீங்கிய மகனும் எழுந்துவரும் வீடும் ஒரே மேடையில் நின்ற காட்சி அது.

ஆயினும் டுக்காட்டிக்கும் அவ்வாண்டு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. மார்க்கெஸ் வென்றுகொண்டிருக்க, இருமுறை சம்பியனாயிருந்த பக்னாயா அதே வண்டியில் தம் முன் சில்லின் உணர்ச்சியை இழந்து தடுமாறி, ஆண்டு முடிவில் ஐந்தாவதாக நின்றார். பழைய நோய் புதிய வீட்டிலும் தலைகாட்டுகின்றதோ என்று ஐயுற இடமுண்டு. முந்திய ஆண்டு வண்டியில் ஓடிய மார்க்கெஸின் தம்பி இரண்டாமிடம் பெற்றமையால் அந்நோய் முற்றவில்லை எனலாம். அவர்கள் இனி யாருடைய சொல்லுக்குச் செவிகொடுப்பர் என்பதிலேயே அவர்களின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது.

ஆசிரியராகிய நாம் இதனைப் படித்து வாளாவிருத்தல் இயலாது. ஒரு பாடசாலையிலே ஒரு மாணவன் நாடளாவிய பரீட்சையில் முதலிடம் பெறுகின்றான். மாலையிட்டு ஊர்வலம் வருகின்றோம். எம் கற்பித்தலால் வந்த பேறு என்கின்றோம். அவனோடு ஒரே வாங்கில் அமர்ந்து, அதே பாடத்தைக் கேட்டுத் தேறாது போன முப்பதின்மரின் விடைத்தாள்களை எடுத்துப் பார்ப்போர் எம்முள் எத்தனைபேர்? அம்முதல் மாணவன் எம்மால் தேறினானோ, எம்மையும் மீறித் தேறினானோ என்பதை அவனுடைய விடைத்தாள் ஒருபோதும் சொல்லாது. அந்த முப்பது தாள்களே சொல்லும்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவியும் கருத்தாவும் மாத்திரமன்றி உடனிகழ்ச்சி என்னும் பொருளும் உண்டு. அதன் உருபு ஒடு, ஓடு. ஹொண்டா வீரனால் வென்றது. வீரன் வீழ்ந்தவுடன் வீழ்ந்தது. டுக்காட்டி எட்டு வீரரோடு இருந்து கற்றது. அவருள் எவர் வீழினும் மற்றையோர் வென்றனர். வெல்லத்தக்க வண்டியைச் செய்ய முடியாது தவித்தோரின் கதையிலிருந்து யான் வகுப்புக்கு எடுத்துச் செல்வது இவ்வுருபு வேறுபாடு ஒன்றையே. அடுத்த பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில், முதல் மாணவனின் பெயரைப் பலகையில் எழுதிய கையோடு, தேறாதவரின் தாள்களையும் மேசையில் விரித்துவைக்க எம்முள் ஓரிருவரேனும் முன்வருவராயின், இம்மாணவர் என்னிடம் விடுத்த வினா வீண்போகவில்லை.